கொண்டைக்கு ஏறாத கை

போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வேலணையிலேயே பஸ் நிறைந்துவிட்டது. நின்றுகொண்டுதான் போக வேண்டும். வலது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்தேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஏறுகிற எல்லோரும்தான் கம்பியைப் பிடிக்கிறார்கள்...

எனக்கு இருக்கிறது. மண்டைதீவுச் சந்தி வரும்போது முன்னால் இருந்த ஒரு பெண் எழும்பி, இருங்கோ அம்மா என்று இடம் தந்தாள். வேண்டாம் என்றேன். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் வேண்டாம் என்றேன். கொண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எழுபத்துநாலு வயதுக் கிழவி, இருக்க இடம் கிடைத்தும் நிற்கிறாளே என்று நினைத்திருப்பார். பண்ணைப் பாலம் முழுவதும் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். இரண்டு பக்கமும் கடல். கடலைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

நாலு மாதத்துக்கு முன்பு அந்தக் கை என் தோள் மட்டத்துக்குக்கூட ஏறாது.

கதை வேலியில் தொடங்குகிறது. எங்கள் ஊரில் பாதிக் கதை வேலியில்தான் தொடங்கும்.

என் வளவுக்கு மூன்று பக்கம் மதில். மகள் கட்டித் தந்தது. கிழக்குப் பக்கம் மட்டும் இன்னும் ஓலை வேலி. ஏன்? மதில் கட்டுவதென்றால் எல்லை எது என்று இரண்டு வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கால் இருப்பது என் மச்சாள் தவமணி. காலஞ்சென்ற என் கணவரின் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லை.

ஏழு வருடத்துக்கு முன் வேலி அடைத்தபோது, ஒரு கதியால் ஒரு சாண் அளவு என் பக்கம் தள்ளி நின்றது. வேலிக்கென்று நடுகிற பச்சைத் தடியைத்தான் கதியால் என்போம். தள்ளி நட்டது அவள் என்று நான் சொன்னேன். இல்லை என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலி அடைப்பது இரண்டு பேர் செய்கிற வேலை. மதில் வீட்டுக்காரருக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். ஓலையைக் கதியாலோடு சாத்தி, மேலே மட்டையை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். கயிறு வேலிக்கு அங்கால் போய் இங்கால் வர வேண்டும். அதற்கு நீளமான குத்தூசி ஒன்று உண்டு. இந்தப் பக்கம் நிற்பவர் ஊசியைக் குத்துவார். அந்தப் பக்கம் நிற்பவர் கயிற்றைப் பிடித்து இழுத்து, திரும்ப ஊசியில் கோத்து அனுப்புவார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு கட்டும் போட முடியாது.

பேச்சில்லாத மச்சாளிடம் போய், இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடியும் என்று கேட்பேனா?

கேட்கமாட்டேன்.

வழக்கமாக வேலி அடைக்கிறவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார். இந்த முறை அவருக்கு வேறு வேலைகள். பொறுக்கச் சொன்னார். நான் பொறுத்தேன். ஆடு பொறுக்கவில்லை. உக்கிப்போன ஓலைக்குள்ளால் புகுந்து என் மரவள்ளியில் பாதியைத் தின்றுவிட்டது. யாருடைய ஆடு என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு பிளாஸ்டிக் கதிரையை வேலியோடு போட்டு அதில் ஏறினேன். இங்கால் நின்று குத்தூசியைக் குத்தினேன். பிறகு வேலிக்கு மேலால் வலது கையை அங்கால் தொங்கவிட்டு, கயிற்று நுனியைத் தேடிப் பிடித்து மேலே இழுத்தேன். நாலு கட்டு அப்படியே போட்டுவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. தனி ஆள் அடைத்த வேலி என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

ஐந்தாவது கட்டில் கயிறு எங்கேயோ கொழுவிக்கொண்டது. நீட்டிய கையை மடிக்காமல் ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன்.

டக்.

காய்ந்த மட்டை முறிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் என் கைக்குள்ளிருந்து வந்தது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குப் பின்னால் வந்தது வலி. தோளிலிருந்து முழங்கை வரை கொதிதண்ணீர் ஊற்றிய மாதிரி. கத்தவில்லை. கத்தினால் அங்கால் கேட்கும்.

மறுநாள் மேற்கை நாவற்பழ நிறம். அதற்கு மறுநாள் அந்த நிறம் முழங்கைக்கு இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் பார்க்கிறேன்... முழங்கைக்குச் சற்று மேலே ஒரு உருண்டை. கோழிமுட்டை அளவு. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அதற்கு மேலே, முன்பு சதை இருந்த இடத்தில், பள்ளம்.

இப்படி ஒரு உருண்டையைக் கண்டால் எங்களுக்கு என்ன நினைவு வரும்? அதன் பெயரை வாயால் சொல்லவே மாட்டோம். அந்த வருத்தம் என்போம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கழுத்தில் வந்த கட்டியைச் சால்வையால் மூடிக்கொண்டே திரிந்தார். சால்வையை எடுத்து டொக்டரிடம் காட்டியபோது காலம் கடந்துவிட்டது. அவரை எவ்வளவு குறை சொல்லியிருப்பேன்? நான் என்ன செய்தேன்? சேலைத் தலைப்பை இழுத்து மூடினேன்.

நோவெண்ணெயைச் சுடவைத்து அழுத்தித் தேய்த்தேன். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, கையை மடித்துக் கழுத்தோடு கட்டினேன். நோவென்றால் கட்டு, அசைக்காதே. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாளும், குளிக்கிற நேரம் தவிர, அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை.

வலி இரண்டு கிழமையில் நன்றாகக் குறைந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம் கூடியது. நோகாத கட்டிதான் பொல்லாத கட்டி என்று எங்கேயோ கேட்டிருந்தேன்.

ஒற்றைக் கையோடு பலதும் பழகிவிட்டேன். சோறு வடித்தேன். கூட்டினேன். தேங்காய் துருவ முடியாது, அதனால் சம்பல் இல்லை, பரவாயில்லை. ஒன்றுதான் முடியவில்லை.

கொண்டை.

எனக்கு இந்த வயதிலும் தலைமயிர் இடுப்பைத் தொடும். கொண்டை போடாமல் படலைக்கு வெளியே நான் கால் வைத்ததில்லை. செத்தவீட்டுக்குப் போனாலும் என் கொண்டை குலையாது என்று ஊரில் சொல்வார்கள். அது பாராட்டோ பழிப்போ, எனக்குத் தெரியாது.

ஒரு கையால் கொண்டை போட்டுப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்...

மகள் சுகந்தி கனடாவில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவாள். போனை இடது கையில் பிடித்து முகத்தை மட்டும் காட்டினேன். தலையைச் சுற்றித் துவாய். இப்பதான் குளித்தேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாளும். ஒரு நாள் அவள் கேட்டாள்:

"என்னம்மா, ஒரே குளிக்கிறியள்?"

வெக்கை என்றேன். அந்த நேரம் ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஐந்தாம் கிழமை ஒரு காலை. கிணற்றடியில் ஒற்றைக் கையால் தண்ணீர் வார்த்துவிட்டு, ஈரத்தலையை விரித்துப் போட்டபடி நின்றேன். நான் அடைக்காமல் விட்ட இடைவெளியில், வேலிப் பொட்டுக்குள்ளால், ஒரு முகம் தெரிந்தது.

தவமணி.

ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? சுகமாக இருக்கிறீரோ என்று இல்லை.

"மச்சாள், உதென்ன தலைக் கோலம்?"

இடது கையால் மயிரை அள்ளி மறைக்கப் பார்த்தேன். 

"கையைத் தூக்கும் பாப்பம்."

"எனக்கு ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத கையைத்தான் தூக்கச் சொல்லுறன். தூக்கும்."

தூக்கினேன். நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. அதற்குமேல் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல் நின்றுவிட்டது. எனக்கே அது புதிது. கட்டி வைத்திருந்த கையை நான் தூக்கிப் பார்த்ததே இல்லை.

அவள் படலையால் சுற்றி வரவில்லை. பொட்டுக்குள்ளால் குனிந்து, சேலை ஓலையில் இழுபட இழுபட நேரே வந்தாள். உருண்டையைப் பார்த்தாள். முகம் மாறியது. என்னைக் கிணற்றுக் கட்டில் இருத்தி, தலையைத் துவட்டி, வாரி இழுத்துக் கொண்டை போட்டுவிட்டாள். இறுக்கமாகத்தான் போட்டாள். ஏழு வருடத்து இறுக்கம்.

பிறகு வீட்டுக்குப் போய்ச் சுகந்திக்குப் போன் எடுத்தாள். எங்கள் ஊரில் ஒரு செய்தி அடுத்த வீட்டுக்குப் போவதென்றாலும் கனடா போய்த்தான் திரும்பும். அன்றைக்கு நான் சேலை மாற்றி முடியுமுன் மகள் அழைத்துவிட்டாள். முதலில் அழுதாள். பிறகு ஏசினாள். பிறகு ஏசிக்கொண்டே அழுதாள். அடுத்த நாள் தவமணியும் நானும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுவதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கான் பார்த்தார்கள். டொக்டர் என் மகளைவிட வயது குறைந்த பெண். அவர் வாயைத் திறக்குமுன் நான் கேட்டுவிட்டேன். ஐந்து கிழமையாகத் தொண்டைக்குள் நின்ற கேள்வி அது.

"பிள்ளை, இது அந்த வருத்தமோ?"

தவமணி என் இடது கையைப் பிடித்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. பிடித்திருந்தாள்.

"எந்த வருத்தம் அம்மா? இது உங்கட சதைதான். இடம் மாறி நிக்குது."

ஒருவருக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்குமா? என் சதை. என்னுடையது. நான் அழவில்லை. ஆனால் அந்தக் கதிரை நல்ல கதிரை, என்னைத் தாங்கிக்கொண்டது.

நரம்பு அறுந்துவிட்டதோ என்று கேட்டேன். எங்களுக்குக் கைக்குள் எது அறுந்தாலும் நரம்புதான். டொக்டர் பொறுமையாகச் சொன்னார். நரம்பு இல்லையாம். தசைநாணாம். சதையை எலும்போடு கட்டி வைத்திருக்கிற கயிறு என்று நினையுங்கோ என்றார். மேற்கையின் முன்பக்கச் சதைக்குத் தோள் பக்கம் இரண்டு கயிறு உண்டு. அதில் நீளமான ஒன்று தோள் எலும்புக்கு மேலால் வளைந்து போவதால் வயதோடு தேய்ந்து நைந்துவிடும். நைந்த கயிற்றை நான் வேலிக்கு மேலால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். அறுந்துவிட்டது. பிடி விட்ட சதை கீழே சுருண்டு உருண்டையாக நிற்கிறது. அந்த நாவற்பழ நிறம் உள்ளே கசிந்த இரத்தம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊர்காவற்றுறைத் துறையில் இரண்டு கயிற்றால் கட்டிய வள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிறு அறுந்தால் வள்ளம் கொஞ்சம் விலகி நிற்கும். பார்க்க அந்தரமாக இருக்கும். ஆனால் கடலோடு போய்விடாது. மற்றக் கயிறு இருக்கிறதே. இதைச் சொன்னேன். ஓம் அம்மா, அதேதான் என்றார் டொக்டர்.

ஒப்பரேஷன் தேவையில்லை என்றார். என் வயதில், அந்த ஒரு கயிறு இல்லாமலே கை வேலை செய்யுமாம். பாரம் தூக்கி உழைக்கிற இளம் ஆட்களுக்கு என்றால் யோசிப்பார்களாம். முழங்கைப் பக்கத்துக் கயிறு அறுந்தால் அது வேறு கதை. அதற்குப் பிந்தக் கூடாதாம், உடனே காட்ட வேண்டுமாம். இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது கைக்குள் டக் என்று சத்தம் கேட்டு, நிறம் மாறி, உருண்டை தெரிந்தால், சேலைத் தலைப்பைத் தேடாதீர்கள். பஸ்ஸைத் தேடுங்கள்.

இதோடு கதை முடிந்தது என்று எழும்பப் போனேன். டொக்டர் கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சு மட்டத்தோடு நின்றது. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் நின்றது.

"ஐஞ்சு கிழமை ஆர் கட்டி வைச்சது?"

பழியைப் போட ஒரு ஆளைத் தேடினேன். பக்கத்தில் தவமணிதான் இருந்தாள். அவள்மேல் போட வழியில்லை. அப்போது எங்களுக்குப் பேச்சே இல்லையே.

அறுந்த கயிறு பெரிய தீங்கு செய்யவில்லையாம். நான் கட்டிய வேட்டித் துண்டுதான் செய்தது. சில நாள் கையை ஆறவிடலாம். ஐந்து கிழமை அசையாமல் வைத்திருந்ததில் தோள்மூட்டு இறுகிப்போயிற்று, எண்ணெய் காணாத பூட்டு மாதிரி. ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்தால் மூன்று மாதத்தில் பெரும்பாலும் திரும்பி வரும் என்றார். அன்றைக்குப் போனில் இதைச் சொன்னபோது, பெரும்பாலும் என்ற சொல்லைச் சுகந்தி பிடித்துக்கொண்டாள்.

"மூண்டு மாதம் பாப்பம் அம்மா. தலை வாரி இழுக்கக்கூட ஏலாத ஆளைத் தனிய விட்டிட்டு என்னால இஞ்ச நித்திரை கொள்ள ஏலாது."

டவுன் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாளாம். நல்ல கட்டில். தாதிமார் உண்டு. டீவி உண்டு. எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, கடைசியாக, "தலையும் இழுத்து விடுவினமாம்" என்றாள்.

அப்படியான இடங்களை நான் குறை சொல்லவில்லை. போய் நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் என் கிணற்றில் நான் அள்ளி, என் குசினியில் என் அளவுக்கு உறைப்புப் போட்டுச் சமைத்து, என் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் மணி பார்த்து வந்து என் தலையை இழுத்துவிடுவதா? கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பரீட்சை இதுதான்: மூன்றாம் மாத முடிவில், போனுக்கு முன்னால், நானே கொண்டை போட்டுக் காட்ட வேண்டும். முடிந்தால் வீடு. முடியாவிட்டால் அந்தக் கட்டில்.

பிசியோ பகுதியில் இருந்த பிள்ளை ஒரு தாள் தந்தாள். சின்ன எழுத்து இப்போது என் கண்ணுக்குப் பிடிபடாது. நல்லகாலம், அதில் படங்கள்தான் கூட. ஒரு மனிதர் மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறார். அடுத்த படத்தில் சுவரில் விரல்களால் ஏறுகிறார். அந்த மனிதருக்குத் தலையில் ஒரு மயிரும் இல்லை. அவருக்கென்ன கவலை...

ஒரு விஷயத்தை அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிச் சொன்னாள். பயிற்சியில் நோ வரலாம். வந்த நோ அரை மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அன்றைக்குக் கூடச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

குசினிச் சுவருக்கு முன்னால் நின்று, இரண்டு விரலை மெல்ல மெல்ல மேலே நடத்துவேன். எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு. முதல் நாள் கோடு உப்புப் போத்தல் வைக்கிற தட்டுக்குக் கீழே. ஒரு கிழமை கழித்தும் அதே தட்டுக்குக் கீழே.

தவமணி காலையில் வருவாள். சுடுதண்ணீர்ப் பையைத் தோளில் வைப்பாள், தலை இழுப்பாள், பிறகு வாசலில் குந்தியிருந்து நான் சுவரில் ஏறுவதைப் பார்ப்பாள். சும்மா பார்த்தால் பரவாயில்லை.

"மச்சாள், மேல பல்லி ஒண்டு நிக்குது. உமக்காகத்தான் காத்துக்கொண்டு நிக்குதாம்."

மூன்றாம் கிழமை எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவள் போன பிறகு இரண்டு மடங்கு செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மேலே தள்ளினேன். மறுநாள் தோள் வீங்கிக் கிடந்தது. மூன்று நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை. பயத்தில் கட்டி வைத்தேன், பிழையாய்ப்போனது. பெருமையில் இழுத்தேன், அதுவும் பிழையாய்ப்போனது. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான் போலும். அது கேட்டது ஒவ்வொரு நாளும் கொஞ்சம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. எழுபத்துநாலு வருடம் கூட இருந்தும் இதை நான் அறியவில்லை.

அந்தக் கிழமைதான் வேலி அடைக்கிறவர் வந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். தவமணி வெளியே நின்று அவருக்குச் சொல்வது கேட்டது. எல்லாவற்றையும் அடையுங்கோ, இதில் மட்டும் ஒரு ஆள் போக விடுங்கோ என்று. என் வேலி, என்னைக் கேட்காமல் கட்டளை போடுகிறாள். எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். தோள் நோகுது என்று பேசாமல் கிடந்தேன்.

ஆறாம் கிழமை கோடு தட்டைத் தாண்டியது. அடுத்த கிழமை என் மூக்குக்கு நேரே வந்தது. சுகந்தி போனில், எங்கே காட்டுங்கோ என்றாள். எனக்கு அவசரம். கை காது மட்டத்துக்குத்தான் வரும். தலையைக் குனிந்து கைக்குக் கிட்டக் கொண்டுபோய் உச்சியைத் தொட்டேன்.

"அம்மா, தலையைக் கையிட்ட கொண்டு போகாதேங்கோ. கையைத் தலையிட்ட கொண்டு வாங்கோ."

அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடித்துவிட்டாள். தவமணி குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் கிழமை ஒரு காலை. தவமணி என் தலைமயிரை இரண்டாகப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஊர்க்கதை ஏதாவது சொல்வாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. சீப்பு மட்டும் போய்வந்தது. பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"கதியாலை நான் தள்ளேல்லை மச்சாள்."

 வாயில் நாலு பதில் வந்து நின்றது. ஏழு வருடமாகத் தீட்டி வைத்த பதில்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தலைமயிர் முழுவதும் ஒருவர் கையில் இருக்கும்போது திரும்பி நின்று சண்டை பிடிக்க முடியுமா? முகம் பார்க்காமல் எப்படி ஏசுவது? முன்னால் சுவர்தான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பார்க்கப் பார்க்க அந்த நாலு பதிலும் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. அவள் தள்ளியதை நான் கண்டேனா? இல்லை. கதியால் தள்ளி நின்றதைத்தான் கண்டேன்.

"சரி" என்றேன்.

"சரி எண்டால்?"

"நீர் தள்ளேல்லை."

சீப்பு திரும்பவும் ஓடத் தொடங்கியது. அன்றைக்குக் கொண்டை இறுக்கமாக இல்லை.

பெரிய பெரிய சமாதானம் பேசுகிறவர்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் ஆளை ஆள் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். ஒருவர் பின்னால் ஒருவர் இருந்து பார்க்கட்டும்.

பரீட்சை நாள் வந்தது. போனை அலுமாரியில் சாய்த்து வைத்தேன். இரண்டு கையும் வேண்டுமே. தவமணியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் நின்றால் எனக்குச் சிரிப்பு வரும், அல்லது அழுகை வரும். மயிரை அவிழ்த்து முதுகில் விட்டேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. போனையும் பார்க்கவில்லை.

வலது கை ஏறியது. நெஞ்சைத் தாண்டியது. காது மட்டத்தில் கொஞ்சம் நின்றது, கிழவி படியில் நின்று மூச்சு வாங்குவது போல. பிறகு போனது. உச்சியைத் தொட்டு, பின்பக்கம் இறங்கியது. இடது கை மயிரைப் பிடித்துக்கொடுக்க, வலது கை சுற்றியது. ஒன்று. இரண்டு. மூன்று. நுனியை உள்ளே செருகி ஊசியைக் குத்தினேன்.

போனில் சத்தமில்லை. அறுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, சுகந்தி இருந்தாள்.

"சரி அம்மா" என்றாள். "வீட்டிலயே இருங்கோ."

உடனே கமெராவை நிறுத்திவிட்டாள். அழுதிருப்பாள். நல்லதாய்ப் போயிற்று. நான் அழுததும் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

உருண்டை இன்னும் இருக்கிறது. இருக்கும் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார். போத்தல் மூடியைத் திருகும்போது கை கொஞ்சம் தளர்கிறது. வாளியில் பாதித் தண்ணீர்தான் அள்ளுகிறேன், இரண்டு தரம். பயிற்சியை விடவில்லை. இதை எழுதுவதும் அந்தக் கைதான். பழைய கை திரும்பி வந்ததா என்று கேட்டால், இல்லை. இருக்கிற கை போதும்.

பரீட்சைக்கு மறுநாள் காலை தவமணி வழக்கம்போலச் சீப்போடு வந்தாள். நான் ஏற்கெனவே கொண்டை போட்டுவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அவள் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பின்னால் போய் நின்றாள்.

"கோணல்" என்றாள்.

"கனடாவுக்கு நேராத்தான் தெரிஞ்சது."

"கனடாவுக்கு என்ன தெரியும். அசையாமல் இரும்."

என்னைக் கேளாமலே ஊசியை உருவி அவிழ்த்தாள். இருந்தேன். என் தலையின் பின்பக்கத்தை இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

அவள் கோணல் என்றால் கோணல்தான்.